மருமகள் கடிகாரம்

கடிகாரத்தை ஓடவிட்ட பிறகுதான் அல்லி கவனித்தாள். கொல்லையில் தவளைச் சத்தம் நின்றிருந்தது.

நாள்கணக்கில் விடாத மழை. வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிட்டன. கிணற்றடி, வாழைக்கொல்லை, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சாணம் கரைந்து தேங்கிய குழி என்று எங்கும் தவளைகள் இரவு பகல் பாராமல் கத்தியதில், காது அதைச் சத்தமாக எடுத்துக்கொள்வதையே விட்டிருந்தது. இப்போது அது இல்லை. பேசிக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று நிறுத்திவிட்டு அவள் பக்கம் திரும்பியது போல இருந்தது. மழை பெய்துகொண்டுதான் இருந்தது. ஓட்டுத் தண்ணீர் முற்றத்தில் விழுந்துகொண்டுதான் இருந்தது. கூடத்துச் சுவரில் பித்தளை ஊசல் போய் வந்தது.

சாவி உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. தன் கைச்சூடு என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் யாரும் இல்லை. அன்று அவள் மாமியார் லோகாம்பாளுக்குக் கருமாதி. அல்லியின் கணவன் தெட்சிணாமூர்த்தியும் அவன் அண்ணன் வைத்தியலிங்கமும் காலையிலேயே ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். சொந்தக்காரர்கள் குடையும் சாக்குமாகப் பின்னால் போனார்கள். பாண்டிச்சேரியிலிருந்து வந்திருந்த மூத்த மருமகள் பங்கஜவல்லியும் போனாள். சாவு விழுந்த வீட்டைப் பூட்டக் கூடாது. விளக்கு அணையக் கூடாது. ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

"அல்லி இருக்கா, பாத்துக்குவா," என்றாள் நாத்தனார் ராஜம், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டே. "ரெண்டு வருஷமா அந்த அறைவாசல்லயே கிடந்தவதானே. அவளுக்கென்ன பயம்."

"எனக்கெல்லாம் முடியாதுப்பா," என்றாள் பங்கஜவல்லி. "கரண்டு போனாலே நெஞ்சு அடிச்சுக்கும்."

"பாண்டில இருட்டே கிடையாதோ?"

"இருட்டு இருக்கு. இப்படி ஈரமா இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அல்லியும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் பங்கஜவல்லி அடுப்படிக்குள் போனாள். இடுப்பிலிருந்து கடிகாரச் சாவியை அவிழ்த்தாள். ஆற்றில் முழுகும்போது விழுந்துவிடும் என்ற பயம். அல்லியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கொடுக்கவில்லை. அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஆழமாகப் புதைத்தாள். கையில் ஒட்டிய அரிசியைத் தட்டிவிட்டாள். கதவிடுக்கில் அல்லி நிற்பது அவளுக்குத் தெரியாது.

திருடியிடமிருந்து ஒளிப்பது போல.

அந்தக் கடிகாரத்தை நெடுங்காட்டில் தெரியாதவர் இல்லை. கொள்ளுத்தாத்தா சைகோனில் வெள்ளைக்காரனிடம் எழுத்துவேலை பார்த்துவிட்டுத் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தது. கறுத்த மரம். அதில் சிப்பி இழைத்த மூங்கில் இலைகள். ஊருக்கு அது சைகோன் கடிகாரம். வீட்டுக்குள் மருமகள் கடிகாரம். மகன்களுக்கு அதில் பாத்தியதை கிடையாது. மாமியார் கையிலிருந்து ஒரு மருமகள் கைக்குப் போகும். அதற்குச் சாவி கொடுப்பவள்தான் வீட்டுக்காரி. விதைநெல்லை எடுத்துவைப்பதும், அறுப்புக்கு ஆள் சொல்வதும், யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதும் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

வீட்டில் சாவு விழுந்தால் ஊசலைப் பிடித்து நிறுத்துவார்கள். கருமாதியன்று ஆற்றில் பிண்டம் கரைத்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்து, வாசலில் கால் கழுவிய பிறகு, சாவிக்குரியவள் ஈரத்தலையோடு ஓடவிடுவாள். அதுவரை அந்த வீட்டில் நேரம் கிடையாது. போகிறவர் போய்ச் சேரட்டும் என்பார்கள். அதற்கு முன்னால் ஓடவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதில்லை. யாரும் ஓடவிட்டதில்லை.

புயல் அடித்த வருஷம் லோகாம்பாளுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வைத்தியலிங்கத்துக்குப் பாண்டிச்சேரியில் பள்ளிக்கூட வேலை. தெட்சிணாமூர்த்திக்குக் காரைக்காலில் நகராட்சி வேலை. பக்கத்தில் இருப்பவன் அவன்தான் என்று ஆயிற்று. காரைக்கால் தலத்தெருவில் குழாய்த் தண்ணீரும் சினிமாக் கொட்டகையும் நடக்கிற தூரத்தில் இருந்த வாடகை வீட்டை விட்டு அல்லி இங்கே வந்தாள். கிழவியைக் குளிப்பாட்டினாள். கஞ்சி ஊட்டினாள். முதுகில் புண் வராமலிருக்கப் பொழுதுக்கும் புரட்டிப் போட்டாள்; தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை, மூச்சைப் பிடித்து ஒரு தூக்கு. புண் வந்தது. தைலம் போட்டாள். அந்த வாசம் அவள் நகத்துக்குள்ளும், அவள் சாப்பிடும் சோற்றிலும், கணவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அவள் தலைமுடியிலும் ஏறிப் போயிற்று. ஒரு நாள்கூட அத்தை நல்ல வார்த்தை சொன்னதில்லை. சொல்ல மாட்டாள். ஆனால் சாவி இடுப்புக்கயிற்றில் தொங்கியது. துணி மாற்றும்போதெல்லாம் அது அல்லியின் விரலில் இடித்தது. அது எங்கே வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

கடைசி வாரத்தில் பங்கஜவல்லி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஆப்பிள் பை. வந்தவள் கட்டிலருகே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள்.

"அத்தை, நான் பங்கஜம் வந்திருக்கேன்."

லோகாம்பாள் விளங்குகிற கையால் இடுப்பைத் தடவினாள். கயிறு அவிழவில்லை. பங்கஜவல்லி குனிந்து அவிழ்த்தாள். கிழவி சாவியை அவள் கைக்குள் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"நீ வச்சுக்க."

அல்லி மூத்திரச் சட்டியோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். "கொஞ்சம் நகந்துக்குங்கக்கா, சிந்திடும்," என்றாள்.

நேற்று சாப்பாட்டின்போது பேச்சு கடிகாரத்தின் பக்கம் போயிற்று. "ஓடவிட்ட கையோட கழட்டிப் பாண்டிக்கு எடுத்துட்டுப் போயிடலாம்னு இவுங்க சொல்றாங்க," என்றாள் பங்கஜவல்லி. "இங்க ஈரத்துல மரம் உப்பிப் போயிடும்."

"தாராளமா எடுத்துட்டுப் போங்கண்ணி," என்றான் தெட்சிணாமூர்த்தி. "எங்களுக்கென்ன, ரேடியோதான் நேரம் சொல்லுதே."

அல்லி இலையில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை. பங்கஜவல்லிக்கு முந்தி, தன் கையால். பிறகு நிறுத்தி, முள்ளைப் பழைய இடத்தில் வைத்து, சாவியைப் புதைத்துவிட வேண்டியது. சாயங்காலம் பங்கஜவல்லி எல்லோர் முன்னாலும் ஓடவிடுவாள். தான் மிச்சம் வைத்ததைத்தான் ஓடவிடுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அல்லிக்குத் தெரியும். அது போதும்.

சுருள் இறுக இறுக அவளுக்குள்ளும் எதுவோ இறுகி, ஊசல் முதல் ஆட்டம் ஆடியபோது கண்ணில் நீர் வந்தது.

இப்போது தவளைகள் இல்லை.

போதும் என்று நினைத்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்தாள். ஊசலைப் பிடித்தாள். ஊசல் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

கையில் பித்தளை அசையாமல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அதே அளவில், அதே இடைவெளியில், போவதும் வருவதுமாகச் சத்தம் கேட்டது. கடிகாரத்திலிருந்து இல்லை. அவளுக்குப் பின்னாலிருந்து. கூடத்தின் கோடியில் சாத்தியிருந்த கிழவியின் அறையிலிருந்து. உலர்ந்த சத்தம் இல்லை. கொஞ்சம் சளி கட்டிய சத்தம். இழுத்தது. விட்டது. இழுத்தது.

அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷம் அதை எண்ணிக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

ஊசலை விட்டாள். ஊசல் மூச்சோடு சேர்ந்து ஆடியது.

மழை, என்று சொல்லிக்கொண்டாள். ஓட்டில் எங்கோ ஒழுகுகிறது. அந்த அறையில் ஒன்றும் கிடையாது. பினாயில் ஊற்றித் தானேதான் கழுவினாள். பாயையும் தலையணையையும் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கயிற்றுக் கட்டில் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். பார்த்தாள். சுவரில் சாய்ந்து நின்றது. கயிற்றில் மழைச்சாரல்.

அறைக்குள் கட்டில் கயிறு முனகியது.

"யம்மா! சின்னம்மா!"

அல்லிக்கு உயிர் போய் வந்தது. கொல்லைக் கதவில் மாரிக்கண்ணு. வயல்வேலைக்கு வருகிறவள். தலையில் உரச்சாக்கை முக்காடாக மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு, படையலுக்கு அறுத்த வாழையிலைக் கட்டோடு நின்றாள்.

"கதவத் தொறந்து போட்டுட்டு என்னம்மா பண்றீங்க? நாயி பூந்துடப் போவுது."

"இலையை இங்க வையி."

"நுனி இலையா பாத்து அறுத்தேன். பெரியவுங்க இருந்தா இதுக்கும் ஒரு குத்தம் கண்டுபிடிப்பாங்க. இலைய சீவுனியா மாட்டுக்குத் தழை சீவுனியாம்பாங்க." சிரித்தாள். பிறகு கழுத்தை நீட்டிக் கூடத்தைப் பார்த்தாள். "பாண்டியம்மா ஆத்தங்கரைக்குப் போவலையா?"

"போயிட்டாங்க. ஏன்?"

"இல்ல, உள்ள யாரோ இருமுறாங்களே."

அல்லி கூடத்துக் கோடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"மழைல எல்லாருக்கும்தான் நெஞ்சு கட்டுது," என்றாள் மாரிக்கண்ணு. "சுக்குத் தட்டிப் போட்டுக் குடுங்க."

"மாரிக்கண்ணு, கொஞ்ச நேரம் இரேன்."

"மாட்ட வரப்புல கட்டிட்டு வந்துட்டேம்மா. மடை ஒடைச்சுக்கிட்டு தண்ணி ஏறுது. அவுத்துட்டு ஓடியாறேன்."

சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். அவள் கால் சளசளப்பது வாழைக்கொல்லை வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

வாசம் வந்தது. முதலில் பினாயில். அதன் அடியிலிருந்து, துணியில் கறை ஊறி மேலே வருவது மாதிரி மெதுவாக, தைலம். தைலத்துக்கு அடியில் புண். அதற்கும் அடியில் அவள் இதுவரை அந்த அறையில் முகர்ந்திராத ஒன்று. நனைந்த கரி.

அல்லி கொல்லைப்படியில் ஒரு காலை வைத்தாள். மழைத்தண்ணீர் கணுக்காலில் சில்லென்று ஏறியது. நடந்தால் ஆற்றங்கரை. ஆட்கள் இருப்பார்கள். விளக்கு அணைந்தால் அணையட்டும். ஏன் வந்தாய் என்று கேட்டால் பயமாக இருந்தது என்று சொல்லலாம். ராஜம் சிரிப்பாள். சிரிக்கட்டும். இரண்டாவது காலையும் எடுத்துவைத்தாள்.

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பங்கஜம்."

அல்லி நின்றாள்.

"பங்கஜம். தண்ணி குடு."

கனத்த நாக்கு. ஒரு பக்கம் இழுத்த வாயிலிருந்து வருகிற சொல். சந்தேகமே இல்லை. ஓட வேண்டும் என்று கால்களுக்குத் தெரிந்தது. ஆனால் நெஞ்சுக்குள் அதைவிடப் பழைய ஒன்று தலையைத் தூக்கியது. இரண்டு வருஷம் தண்ணீர் கொடுத்தவள் யார்? மூக்கை மூடிக்கொண்டு நின்றவள் தண்ணீர் கொடுத்தாளா? செத்தும் அவள் பேர்தானா?

"பங்கஜம்..."

அல்லி திரும்பி வீட்டுக்குள் ஏறினாள். ஈரக்கால் கூடத்தில் தடம் பதித்தது. சொம்பில் தண்ணீர் மொண்டாள். நடந்ததில் பாதி சிந்தியது. கடிகாரத்தைத் தாண்டினாள். அறைக்கதவைத் தள்ளினாள்.

"பங்கஜம் இல்ல," என்றாள். "பங்கஜம் ஆத்தங்கரைக்குப் போயிருக்கா. நான்தான் இருக்கேன் அத்தை. எப்பவும் நான்தான் இருந்தேன்."

ஜன்னல் சாத்தியிருந்தது. கண் பழக நேரம் பிடித்தது.

தரை வெறுமையாக இருந்தது. அவள் கழுவிவிட்ட தரை. கட்டில் இல்லை.

கட்டில் உயரத்தில் லோகாம்பாள் படுத்திருந்தாள்.

அடியில் ஒன்றும் இல்லை. கோடிச்சேலை. நெற்றியில் திருநீறு, அதன்மேல் காசு. மூக்கில் பஞ்சு. கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தன. தாடையைச் சுற்றி உச்சியில் முடிந்த துணி. தலைமுடி தொங்கிக் காற்றில்லாமல் ஆடியது. போய். வந்து.

கட்டிய வாய் திறக்கவில்லை. குரல் வந்தது.

"புரட்டிப் போடு."

சொம்பைக் கீழே வைத்தாள். யோசிக்கவில்லை. கைகளுக்கு வேலை தெரியும். தோளுக்கடியில் ஒன்று. இடுப்புக்கடியில் ஒன்று.

விரல்கள் உள்ளே போயின.

தோல் இல்லை. சேலையும் இல்லை. ஈரச் சாம்பல். உதிர்கிற கரி. அதற்குள் குச்சி குச்சியாக எலும்பு. சுடுகாட்டுக்குப் போன நாளிலும் மழைதான். விறகு சரியாகப் பிடிக்கவில்லை என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அடியில் எரிந்திருக்கிறது. மேலே எரியவில்லை.

கையை இழுத்தாள். வரவில்லை. விளங்காத கை, இரண்டு வருஷம் அசையாத கை, அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"யாரு?" என்றது குரல்.

"அல்லி."

"அல்லியா."

"ஆமா அத்தை."

மூச்சு இழுத்தது. விட்டது.

"வீட்ட அவகிட்ட குடுத்துட்டேன். வீட்டப் பாத்துக்க அவ போதும்." பஞ்சு லேசாக அசைந்தது. "என்னப் பாத்துக்க யாரு இருக்கா? உன்னத்தான் நெனச்சு வச்சிருந்தேன்."

அல்லிக்கு முதலில் வந்தது பயம் இல்லை. அது அவளுக்கே தெரிந்தது. கன்னம் சுட்டது. அப்படியென்றால் அன்றைக்குப் பங்கஜவல்லி கையில் வைத்தது வெறும் இரும்பு. ஆப்பிள் கொண்டுவந்தவளுக்கு அது போதும். தனக்கு என்று ஒன்றை அத்தை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள்.

"அவள நெனச்சு வைக்கலையே?" என்று கேட்டாள்.

"அவ எதுக்கு."

வாசலில் ஆட்கள். செருப்பு உதறுகிற சத்தம், குடை மடக்குகிற சத்தம், கால் கழுவத் தண்ணீர் கொட்டுகிற சத்தம். கூடத்துக்குள் வந்து நின்றது பங்கஜவல்லியின் குரல்.

"அல்லி! கடியாரம் ஓடுதே, யாரு ஓடவிட்டது? அல்லி!"

"யாருடி அது?" என்றது கிழவியின் குரல். "பங்கஜமா? உள்ள கூப்பிடு. அவளும் வரட்டுமே."

"யாரும் இல்ல," என்றாள் அல்லி.

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை நீண்டு கொடுத்தது, அவள் கதவை எட்டுகிற அளவுக்கு. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். ஒரு கையால்.

பிடி அவளைத் திரும்ப இழுத்தது.

கிழவி நகர்ந்தாள். கரி உதிர்ந்து தரையில் விழுந்தது. கட்டில் இல்லாத இடத்தில் ஒரு ஆள் படுக்க இடம் விட்டாள். அல்லி உட்கார்ந்தாள். அடியில் ஒன்றும் இல்லை. தாங்கியது. காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். படுத்தாள்.

கதவைத் தட்டினார்கள். "அல்லி, உள்ளயா இருக்கே? ஏம்மா தாப்பா போட்டுருக்கே?" வைத்தியலிங்கத்தின் குரல். பிறகு கணவன் குரல். தோளால் கதவை இடிக்கிற சத்தம்.

விளங்காத கை மேலே போயிற்று. நிதானமாக, ஒவ்வொரு விரலாகச் சேர்த்து, உச்சியில் இருந்த முடிச்சை அவிழ்த்தது. தாடையைச் சுற்றியிருந்த துணி தளர்ந்து வந்தது. ஈரமாக இருந்தது. அதை அல்லியின் மோவாய்க்கு அடியில் கொடுத்தது. காதோரமாக இழுத்தது. உச்சிக்குக் கொண்டுபோயிற்று.

"ஏங்க," என்று சொல்ல அல்லி வாயைத் திறந்தாள்.

முடிச்சு இறுகியது. பல்லோடு பல் இடித்தது.

பக்கத்தில், தலையணையில்லாமல் கிடந்த தலை அவள் பக்கம் திரும்பியது. கட்டவிழ்ந்த தாடை கீழே இறங்கியது. வாய் திறந்தது. ஒரு வாய் திறக்கிற அளவைத் தாண்டியும் திறந்துகொண்டே போனது.